லயம், லயன், லைன்: மூன்றும் ஒன்றா?

2 ஜூன், காலை 8.15. ஒரு தம்பி கேட்டது:
தோட்டத்து வீடுகளை ‘லயம்’ என்று சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். அது குதிரை லாயம். வெள்ளைக்காரன் நம் தாத்தா பாட்டியைக் குதிரை கட்டுகிற இடத்தில் வைத்தான், நாம் அந்தப் பெயரையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இதற்கு யாருக்காவது மறுப்பு உண்டா?

2 ஜூன், இரவு 9.40
எனக்கு உண்டு தம்பி. மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் லயத்தில் பிறந்தவன் நான், பதினெட்டு வயது வரை அங்கேதான். ஒரே கூரையின் கீழ் பத்து வீடு, நடுவில் பலகைச் சுவர், இந்த வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்காரம்மா வெந்நீர் வைக்கவா என்று கேட்பார். எங்கள் வீடு கோடியிலிருந்து நாலாவது. லயம் என்பது லாயம் இல்லை, ஆங்கிலத்து லைன். வரிசையாகக் கட்டிய வீடு என்பதால் துரைமார் அதைக் ‘கூலி லைன்ஸ்’ என்று எழுதினார்கள், நம் ஆட்கள் வாயில் அது லயன் ஆனது, லயம் ஆனது. குதிரைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மாவுக்கு 81 வயது, அவரிடம் போய் நீங்கள் குதிரைக் கொட்டகையில் பிள்ளை பெற்றீர்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இதை உடனே எழுதுகிறேன்.

3 ஜூன், காலை 6.05
லைன் எப்படி லயம் ஆகும், கடைசியில் ‘ம்’ எங்கிருந்து வந்தது என்று தம்பி திருப்பிக் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ராத்திரி தூக்கமே வரவில்லை. ஐகாரத்தை நீட்டி உச்சரித்தால் ‘லயின்’ என்று விழும், அது லயன் ஆவது ஒன்றும் பெரிய தூரம் இல்லை. அப்புறம் ‘ன்’, ‘ம்’ ஆவது தமிழுக்குப் பழைய பழக்கம். பள்ளிக்கூடத்தில் கடைப்போலி என்று படித்தோமே, அறம் என்பதை அறன் என்றும் நிலம் என்பதை நிலன் என்றும் எழுதலாம் என்று. அங்கே ம் போய் ன் வருகிறது, இங்கே ன் போய் ம் வந்திருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத பால்வெட்டுக்காரர்கள் ஒரு வெள்ளைக்காரச் சொல்லை வாங்கி, ‘அம்’ என்று முடிகிற நம் சொற்களின் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். வேற்றுமை உருபு சேர்த்தால் லயத்தில், லயத்துக்கு, லயத்துப் பிள்ளைகள். லைன் என்றே வைத்திருந்தால் இந்த ‘அத்து’ வந்திருக்காது. சொந்தச் சொல்லுக்குச் செய்கிற மரியாதையை அதற்கும் செய்திருக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

3 ஜூன், மதியம்
இன்னொன்று விட்டுப்போனது. இலங்கை மலையகத்திலும் இதே சொல்தான், அங்கேயும் லயம், லயன் இரண்டும் உண்டு. கடலுக்கு இரண்டு பக்கமும் தோட்டத்து ஆட்கள் ஒரே மாதிரி சொல்கிறார்கள் என்றால், இரண்டு இடத்திலும் துரைமார் வாயிலிருந்த ஒரே சொல்லிலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும்.

5 ஜூன், இரவு 10.20
முதல் நாள் எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. குதிரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஆங்கிலேயப் பட்டாளத்தில் குதிரைகளைக் கட்டுகிற இடத்துக்கும் லைன்ஸ் என்றுதான் பெயர். தரையில் முளை அடித்து, நீளக் கயிறு இழுத்துக் கட்டி, அதில் குதிரைகளை வரிசையாகப் பிணைப்பார்கள், அது ஹார்ஸ் லைன்ஸ். சிப்பாய்கள் இருந்த வரிசைக் குடிசைகளும் லைன்ஸ். வட இந்திய ஊர்களில் வெள்ளைக்கார அதிகாரிகள் பெரிய தோட்டம் வைத்த பங்களாக்களில் இருந்த பகுதிக்கும் சிவில் லைன்ஸ் என்று பெயர், அது இன்றும் இருக்கிறது. ஆக, லைன் என்றாலே இழிவு என்று சொல்ல முடியாது, கலெக்டரும் லைன்ஸில்தான் இருந்தார். ஆனால் சிப்பாய்க்கும் குதிரைக்கும் கூலிக்கும் ஒரே சொல்லைப் போட்ட கைக்கு அவர்களை எண்ணிக்கையாக அடுக்கி வைப்பதுதான் முக்கியமாக இருந்திருக்கும். தம்பி சொன்ன சொல்லாராய்ச்சி தப்பு, அவருக்கு வந்த கோபம் தப்பில்லை. இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

7 ஜூன், மாலை
தாத்தாவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது என்று தெரிந்தும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

தாத்தா சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, போய்த் திரும்பியவர். 1942-இல் ஜப்பான்காரன் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர், சயாமில் பான் போங்கிலிருந்து பர்மாவில் தான்பியூசயாட் வரை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதற்குக் கொண்டுபோனார்கள், பேதியிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்கு ஒழுங்கான கணக்குக் கிடையாது. தாத்தா அதைப் பற்றி எதுவும் பேசமாட்டார். வீட்டில் சோறு ஒரு பருக்கை தரையில் விழுந்தாலும் குனிந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரே ஒரு தடவை, நான் சின்னப் பையனாக அவர் மடியில் இருந்தபோது, யாரோ கேட்டதற்குச் சொன்னார்: “லயனுல பொறந்தவன லயன் போடக் கூட்டிட்டுப் போனானுங்க.”

இத்தனை வருடம் கழித்து இந்த இழையை எழுதும்போதுதான் அந்த வாக்கியத்தின் உள்ளே இருந்தது எனக்குக் கேட்கிறது. அவர் தண்டவாளத்துக்கும் லயன் என்றுதான் சொன்னார், குடியிருந்த வீட்டுக்கும் லயன் என்றுதான் சொன்னார். ரயில் தண்டவாளத்தை யாரும் குதிரை லாயம் என்று சொல்லமாட்டார்கள். ஆக அவர் வாயில் அது லைன்தான். தம்பிக்கு இலக்கணம் காட்டியதைவிட இதை முதலில் காட்டியிருக்கலாம்.

8 ஜூன், காலை
இது போகட்டும், அந்த ஆங்கிலச் சொல்லுக்கே ஒரு கதை இருக்கிறது, அது எனக்கு மிகவும் பிடித்த கதை.

லத்தீனில் லீனும் என்றால் ஆளிச் செடி. ஆளிவிதை என்று இப்போது கொழுப்புக் குறைய எல்லோரும் வாங்கித் தின்கிறார்களே, அதே செடிதான். அதன் தண்டை ஊறவைத்து நார் உரித்துத் திரித்த நூலுக்கு லீனியா என்று பெயர். அதிலிருந்துதான் லைன். அதே செடியிலிருந்து லினன் துணி. லினனை உடுப்புக்கு உள்பக்கம் வைத்துத் தைத்ததால் லைனிங். என் தங்கச்சி டவுனில் தையல் கடை வைத்திருக்கிறாள், “லைனிங் வச்சா அஞ்சு வெள்ளி கூட ஆகும்” என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள். அவள் சொல்கிற லைனிங்கும் நாங்கள் பிறந்த லயமும் ஒரே செடியில் முளைத்தவை என்று சொன்னேன், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து முழுசாகக் கேட்டாள்.

ஆக முதலில் நூல். அப்புறம் நூலைப் பிடித்துப் போட்ட நேர்க்கோடு. அப்புறம் கோட்டின் மேல் அடுக்கிய எதுவும்: எழுத்து அடுக்கினால் வரி, ஆள் அடுக்கினால் வரிசை, வீடு அடுக்கினால் லயம். தூண்டில் கயிறு லைன். துணி காய்கிற கொடியும் லைன். கப்பல் ஒரே தடத்தில் போய்ப் போய் வந்தால் அந்தக் கம்பெனியும் லைன், அந்தக் கப்பல் லைனர்.

8 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து
எழுதி முடித்த பிறகு உறைத்தது. தமிழிலும் இதே வழிதான்! நூல் என்றால் பஞ்சில் திரித்தது, நூல் என்றால் புத்தகமும். நன்னூல் பாயிரத்தில் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது, சொல் பஞ்சு, புலவன் நூற்கிறவள், அறிவு கதிர் என்று. இன்னொரு பாட்டில் தச்சன் மரத்தின் கோணலைப் போக்கப் பிடிக்கிற நூலைச் சொல்லி, மனக்கோணலைப் போக்குகிற நூலுக்கு அதை உவமை ஆக்கியிருக்கிறார்கள். தச்சர் இன்றும் மையில் நனைத்த நூலை இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் விரலால் சுண்டிப் பலகையில் கோடு விழ வைக்கிறார். நூல் பிடித்தாற்போல் என்று நாம் சொல்வதும் அங்கிருந்துதான். ரோமாபுரிக்காரன் ஆளி நாரில் செய்ததை நம் ஆள் பஞ்சில் செய்திருக்கிறான். இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் இன்று காலைப் பசியாறக்கூட இல்லை.

9 ஜூன், இரவு
நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள், மொழி வாத்தியாரா என்று ஒருவர் கேட்டார். இல்லை, நான் லைன்மேன். டெலிபோன் லைன், இருபத்தேழு வருடம். அதனால்தான் இந்தச் சொல்லை விடமாட்டேன் என்கிறேன்.

ஏணியைக் கம்பத்தில் சாத்தி ஏறி, இடுப்புப் பட்டையை மாட்டி, பெட்டியைத் திறந்தால் உள்ளே ஜோடி ஜோடியாகச் செப்புக் கம்பி, ஒவ்வொரு ஜோடியும் ஒரு வீடு. சோதனை ஃபோனின் இரண்டு கவ்வியையும் ஒரு ஜோடியில் மாட்டிக் காதில் வைத்தால், லைன் உயிரோடு இருந்தால் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் ஓடும். மழைக்கு அப்புறம் ஈரம் ஏறிய லைன் எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி பொரியும். எறும்பு கூடு கட்டிய பெட்டிகளைத் திறந்து எத்தனையோ தடவை கை வீங்கியிருக்கிறது. செத்த லைனில் ஒன்றுமே இருக்காது, கிணற்றுக்குள் காது வைத்த மாதிரி. ‘லைன் செத்துப்போச்சு’ என்று ஆட்கள் புகார் கொடுப்பார்கள், ‘உசுரு வந்துருச்சு’ என்று சொல்லிவிட்டு இறங்குவோம். தண்டவாளத்தையோ துணிக்கொடியையோ லைன் என்று சொல்லும்போது சாவு, உயிர் என்று யாரும் பேசுவதில்லை.

12 ஜூன்
அம்மாவுக்குக் கைப்பேசி வாங்கிக் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. அதில் கம்பியே கிடையாது, ஆனாலும் சிக்னல் போனால் ‘லைன் இல்ல’ என்கிறார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவும் ‘லைன் தாடா’ என்கிறார். சீனக் கடைக்காரரும் லைன்தான். இந்த நாட்டில் மூன்று இனமும் சண்டை இல்லாமல் ஒத்துக்கொண்ட சொல் இது. வழி திறந்திருக்கிறது, யாரும் இல்லை என்பதற்கு ‘லைன் கிளியர்’ என்று எல்லோரும் சொல்கிறோமே, அது ரயில்காரர் பேச்சு. ஒற்றைத் தண்டவாளத்தில் அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுத்தால்தான் வண்டியை விடலாம்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அப்புறம் பள்ளிக்கூடம் ஆன்லைன் ஆனது. என் அண்ணன் பேத்தி அப்போது நாலாம் ஆண்டு. அவள் இருந்த தோட்டத்தில் கோயில் மேட்டில் மட்டும்தான் லைன் கிடைக்கும். லயத்திலிருந்து ஆறு பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய் மாரியம்மன் சந்நிதித் திண்ணையில் உட்கார்ந்து, ஒரே கைப்பேசியைச் செங்கல்லில் சாய்த்து வைத்துப் பாடம் கேட்டார்கள். மழை வந்தால் வகுப்பு முடிந்தது. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. டவுனில் பிள்ளைகள் அறைக்குள் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு படித்த அதே ஆன்லைன்.

15 ஜூன், காலை
‘கோடு’ என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்துவிட்டுப் போகலாமே என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. முடியாது. இங்கே தோட்டத்திலேயே பாருங்கள். ரப்பர் மரங்கள் நிற்பது நிரை. அப்பாவுக்குக் கொடுத்த நிரையில் 450 மரம், விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். பட்டையில் உளி இழுத்த தடத்தை அவர் வெட்டு என்பார், இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே, அந்தச் சரிவில்தான் பால் நடந்து வந்து மங்கில், அதாவது பால் கிண்ணத்தில், விழும். விடியற்காலைப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்பது வரிசை. வேலியோரம் எல்லை. துரை இவை எல்லாவற்றையும் ஒரே சொல்லால் லைன் என்பார். எங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருந்தது, ஏனென்றால் அதில் கால் வைத்து நடந்தது நாங்கள்.

(நிரை என்றதும் ஒன்று: கோலகங்சாரில் 1877-இல் நட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் நிற்கிறது, சுங்கை சிப்புட்டிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்த மரத்துக்கு நிரையே கிடையாது, தனி மரம். போனால் தொட்டுப் பாருங்கள்.)

15 ஜூன், இரவு
எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கு மட்டும் எங்களிடம் சொந்தச் சொல் வரவில்லை, அது லைனிங்தான். தங்கச்சி கடை லைனிங் இல்லை, இது வேறு. பள்ளி லீவில் நான் செய்த முதல் சம்பள வேலை இதுதான், வயது பதினேழு. பழைய ரப்பர் மரத்தைச் சாய்த்த மொட்டை நிலத்தில் நீளக் கம்பிக் கயிற்றை இழுத்துப் பிடிப்போம், 9 மீட்டருக்கு ஒரு இடத்தில் அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், துணிக்கு நேர் கீழே ஒரு முளைக்குச்சி அடிக்க வேண்டும். அடுத்த வரிசையின் குச்சி முந்தினதற்கு நேராக வராது, இரண்டு குச்சிக்கு நடுவில் வரும், அப்படி எங்கே பார்த்தாலும் முக்கோணம். ஒரு ஹெக்டருக்கு 143 குச்சி. ஓலை விரிந்த பிறகு ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழாமல் இருக்க இந்தக் கணக்கு. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்ப்பார், ஒரு குச்சி நாலு விரற்கடை விலகினாலும் பிடுங்கி வீசுவார். அந்த மரம் இருபத்தைந்து வருடம் கோணலாக நிற்கும்டா என்பார்.

16 ஜூன்
இன்றைய தேதியை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் மறக்கமாட்டார்கள். 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைமாரைக் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள், அதோடு அரசாங்கத்தின் அவசரகாலச் சட்டம் வந்தது, 1960 வரை நீடித்தது. பாட்டி சொல்வார், லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள், பொழுது விழுந்ததும் கேட்டைப் பூட்டினார்கள், அரிசியைக்கூட அளந்து கொடுத்தார்கள், கம்பிக்கு அந்தப் பக்கம் போனால் சுட்டுவிடுவார்கள் என்ற பயம்.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்றால், என் மகன் ஆபீஸில் எதற்கெடுத்தாலும் டெட்லைன் என்கிறான். அந்தச் சொல் பிறந்த இடம் ஒரு சிறை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864-இல், ஆண்டர்சன்வில் என்ற கைதி முகாமில் மதிலுக்கு உட்புறம் சில அடி தள்ளி ஒரு மரச்சட்டம் போட்டிருந்தார்கள், அதைத் தாண்டுகிற கைதியைக் காவலாளி சுட்டுவிடலாம். அதுதான் டெட்லைன். அறிக்கை கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பது எல்லாம் பின்னால் ஒட்டிய அர்த்தம். பாட்டிக்கு அந்த ஆங்கிலச் சொல் தெரியாது, ஆனால் அவர் அதற்குள் பன்னிரண்டு வருடம் குடியிருந்தார்.

17 ஜூன்
லைன் அடிப்பது பற்றி எழுதவில்லையே என்று கேட்கிறவர்களுக்கு: லயத்தில் அது நடக்காது. பலகைச் சுவர்.

பந்து விளையாட்டு லைன்ஸ்மேனையும் கேட்டார்கள். 1996-இல் அந்தப் பெயரை உதவி நடுவர் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் திடலில் இன்றும் லைன்ஸ்மேன்தான்.

20 ஜூன், இரவு 9.00
நேற்று அம்மாவை மோட்டார் சைக்கிளில் வேண்டாம் என்று மகன் காரில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனோம். லயம் இல்லை. எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், இருந்தாலும் போனோம். இடத்தை மட்டமாக்கி முளை அடித்திருக்கிறார்கள், அந்தச் சிவப்பு மண்ணில் குச்சி குச்சியாக, முக்கோணம் முக்கோணமாக. பொதுக் குழாயடியின் சிமெண்டுத் தளம் மட்டும் பெயர்க்காமல் கிடந்தது, ஓரத்தில் அரிவாள் தீட்டித் தீட்டி விழுந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அம்மா அதில் நின்றுகொண்டு எண்ண ஆரம்பித்தார். ஒன்று பெரிய கங்காணி வீடு, இரண்டு ஆயாக்கொட்டகையில் பிள்ளை பார்த்துக்கொண்ட அக்கா வீடு, மூன்று... காலடியால் அளந்துகொண்டே நடந்தார், ஒரு வீட்டுக்குப் பன்னிரண்டு அடி வைத்து. ஓரிடத்தில் நின்று கீழே காட்டினார். இங்கேதான் அடுப்பு என்றார். அங்கே ஒரு முளைக்குச்சி இருந்தது. மகன் அதைப் பிடுங்கப் போனான், அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

தம்பி, நீங்கள் அந்தச் சொல்லை விடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இஷ்டம். நான் விடமாட்டேன்.

21 ஜூன், காலை 7.10
ஒரு திருத்தம். 2-ஆம் தேதி எங்கள் வீடு கோடியிலிருந்து நாலாவது என்று எழுதியிருந்தேன். அதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். குழாயடிப் பக்கமிருந்து எண்ணினால் ஏழாவதாம். நான் கோயில் பக்கத்துக் கோடியிலிருந்து எண்ணியிருக்கிறேன், பள்ளிக்கூடம் விட்டு அந்தப் பக்கமாகத்தான் வருவேன். அம்மா தண்ணீர்க் குடத்தோடு இந்தப் பக்கமாக வருவார்.